உயிர் ஏற்றிய வண்டி

கால்நடை என்று பெயரிட்டனர் நம் முன்னோர். காலால் நடப்பது; ஆகவே கால்நடை. சந்தைக்குப் போகும்போதும் அது நடந்தது. விலை படியாமல் திரும்பும்போதும் நடந்தது. மணப்பாறைச் சந்தைக்கும் பொள்ளாச்சிச் சந்தைக்கும் மாடு ஓட்டிச் சென்ற உழவன் இரவெல்லாம் அதன் பின்னே நடந்தான். மாட்டின் காலுக்கு லாடம் இருந்தது. அவன் காலுக்குப் பல வேளைகளில் செருப்புக்கூட இருந்ததில்லை. ஆயினும் அந்தப் பழைய பாதைகளிலே, தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் இருந்தது. மாடு தண்ணீர் குடிக்கத் தொட்டி இருந்தது. தினவெடுத்த உடலை உரசிக்கொள்ள ஆவுரிஞ்சு கல் இருந்தது. நடப்பவனுக்கும் உயிர் உண்டு, நடத்தப்படுவதற்கும் உயிர் உண்டு என்று அன்று பாதை போட்டவன் அறிந்திருந்தான்.

இன்று கால்நடை நடக்கவில்லை, ஏறிப் போகிறது. லாரியில் போகிறது, 'குட்டி யானை' என்று நாம் அழைக்கும் சிறு வண்டியில் போகிறது, டிராக்டரின் பின்னே பூட்டிய டிரெய்லரில் போகிறது. கால்நடை சக்கர நடையாகிவிட்டது. ஓர் இரவு முழுதும் நடந்த தூரம் ஒரு மணி நேரத்தில் முடிகிறது. நல்லதுதான், வரவேற்கிறோம். மாடும் மனிதனும் நடந்தே தேய வேண்டும் என்று சொல்ல நாம் பழமையின் பாதுகாவலர்கள் அல்லர். ஆனால் ஒன்று கேட்கிறோம். வண்டி வந்தது, வேகம் வந்தது, உயிர் என்ற நினைப்பு மட்டும் ஏன் பாதையோரத்தில் இறங்கிவிட்டது?

"டிராக்டர் கவிழ்ந்தது, மாடுகள் சாவு, ஓட்டுநர் மீது வழக்கு." நாளேடுகளின் மூலையில் இப்படி ஒரு வரிச் செய்தி வருகிறது. படிக்கிறோம், பக்கத்தைப் புரட்டுகிறோம். செத்த மாடு யாருடையது? அதை வாங்க யாரிடம் கடன் பட்டான் அந்த உழவன்? அதன் பாலை நம்பி எத்தனை வாய்கள் இருந்தன? ஓட்டுநர் எத்தனை மணி நேரமாகத் தூங்காமல் இருந்தார்? பெட்டியில் மாடுகளோடு நின்று வந்த கூலியாள் பிழைத்தாரா? செய்தியில் இவை இரா. "அதிவேகம், அசட்டை" என்ற இரண்டு சொற்களோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கை நாம் மீண்டும் ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும்.

சிற்றூர் வாழ்க்கையில் டிராக்டர் என்பது ஒரு வேலைக்கான பொறி அன்று. காலையில் உழுகிறது. பகலில் எரு அடிக்கிறது. அறுவடை வந்தால் நெல் மூட்டை. ஆலை திறந்தால் கரும்பு. சந்தை நாள் வந்தால் அதே பெட்டியில் மாடு. நேற்று மூட்டை ஏற்றிய பெட்டிதானே, இன்று மாடு ஏற்றினால் என்ன என்று நினைக்கிறோம். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

மூட்டை ஏற்றிய இடத்திலேயே கிடக்கும். மாடு அப்படியா? ஒரு கறவை மாடு 350 கிலோ, 400 கிலோ எடை இருக்கும். ஆறு மாடுகள் என்றால் இரண்டு டன்னுக்கு மேல். அந்த இரண்டு டன்னும் நான்கு கால்களின் மேலே, தளத்திலிருந்து உயரத்தில் நிற்கிறது. வளைவில் வண்டி திரும்பினால் எல்லா மாடுகளும் ஒரு பக்கம் சாய்கின்றன. பிரேக் போட்டால் எல்லாம் முன்னே சரிகின்றன. எதிரே வந்த லாரி ஒலியெழுப்பினால் மிரண்டு ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. சுமையே இடம் மாறுகிறது. வண்டியின் நிலையும் அதோடு மாறுகிறது. பெட்டி கவிழும்போது தனியாகக் கவிழ்வதில்லை. டிராக்டரையும் இழுத்துக்கொண்டு கவிழ்கிறது.

இதைச் சட்டம் செய்தவர்கள் அறியாமல் இல்லை. 1978 ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள், ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கின்றன. கால் வழுக்காமல் இருக்கத் தளத்தில் நார்ப்பாயோ பலகையோ வேண்டும் என்கின்றன. மாடுகள் என்ஜினைப் பார்த்து நிற்பது நல்லது என்கின்றன. கூடவே ஓர் ஆள் இருக்க வேண்டும், வேறு சரக்கு ஏற்றக் கூடாது, பயணத்திற்குத் தகுதி உண்டு என்று கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும் என்றும் சொல்கின்றன. 2016 சனவரி 1 முதல் நடப்புக்கு வந்த மோட்டார் வாகன விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு மாட்டுக்கும் எருமைக்கும் தனித் தடுப்பு. குறைந்தது 2 சதுர மீட்டர் இடம். ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர்.

நம் ஊர்க் கணக்கில் சொல்வோம். 2 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ இருபத்தொன்றரைச் சதுர அடி. பன்னிரண்டு அடி நீளமும் ஆறு அடி அகலமும் உள்ள டிராக்டர் பெட்டியில் 72 சதுர அடி. மூன்று மாடு நிற்கலாம், நான்காவதற்கு இடமில்லை. ஆடு என்றால் 22. குட்டி யானையின் தளம் ஏழடிக்கு ஐந்தடி. அதில் ஒரு மாடு, ஒன்றே ஒன்று. இனி, சந்தை நாள் விடியலில் சாலையோரம் நின்று பாருங்கள். எண்ணுங்கள். மூன்று நிற்க வேண்டிய இடத்தில் எத்தனை நிற்கின்றன என்று உங்கள் கண்ணே சொல்லும்.

யார் குற்றம்? ஓட்டுநர் குற்றம் என்பார் அதிகாரி. வியாபாரி குற்றம் என்பார் ஓட்டுநர். வாடகை குற்றம் என்பார் வியாபாரி. மாடு மட்டும் எதுவும் சொல்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, மாட்டைத் துன்புறும் வகையில் ஏற்றிச் சென்றால் முதல் குற்றத்திற்குத் தண்டம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ஒரு வேளைச் சாப்பாட்டின் விலை! மறுபக்கம், 2019 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகப் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒன்று கொசுக்கடி, மற்றொன்று குடும்பத்தையே சாய்க்கும் அடி. அந்த அடி யார் முதுகில் விழுகிறது? அந்தச் சட்டப் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓட்டியவரை மட்டும் அது சொல்லவில்லை. ஓட்டச் செய்தவரையும், ஓட்ட விட்டவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் சாலையில் வண்டி நிற்கும்போது கையில் ஸ்டியரிங் பிடித்திருப்பவர் ஒருவர்தான் அகப்படுகிறார். ஓட்டச் செய்தவர் சந்தைத் திண்ணையில் பணம் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அதிகம் ஏற்றுவதும் வேகமாகப் போவதும் ஓட்டுநரின் ஆசையா? நடைக்குக் கூலி என்பதுதான் இந்தத் தொழிலில் பெருவழக்கு. நாளுக்குச் சம்பளம் இல்லை; நேரத்திற்குக் கணக்கு இல்லை. இரண்டு நடை அடித்தால் அடுப்பு எரியும். மூன்று நடை அடித்தால் பள்ளிக் கட்டணம் கட்டலாம். வழியில் நிறுத்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரத்திற்கு யார் கூலி தருகிறார்? விழுந்த மாட்டை எழுப்பி நிறுத்தும் நேரத்திற்கு யார் தருகிறார்? 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்திற்கு 48 மணி என்று வரையறுத்தது. உழைப்பாளி பெற்ற உரிமை அது. ஆனால் ஐந்து தொழிலாளர்களும் அதற்கு மேலும் இருந்த நிறுவனங்களுக்கே அந்தச் சட்டம் சென்றது. ஒரு வண்டி, ஓர் ஓட்டுநர், ஓர் உதவியாள் என்று ஓடும் சிற்றூர் வண்டிக்கு அந்தக் குடையின் நிழல் எட்டவில்லை. அவசரம் கூலி முறையிலேயே ஊறியிருக்கிறது. அதை மாற்றாமல் ஓட்டுநருக்கு அறிவுரை மட்டும் சொல்வது, கிணற்றை மூடாமல் விழாதே என்று சொல்வதைப் போன்றது.

இப்படிச் சொல்வதால், தொழிலாளத் தோழர்கள் தம் பொறுப்பைத் தட்டிக் கழிக்கலாம் என்பது பொருளன்று. கூலி குறைவு என்ற நியாயத்தைச் சாலை கேட்காது. மலைச்சரிவு கேட்காது. பின்னால் விளக்கில்லாத பெட்டியில் வந்து மோதும் இருசக்கர வண்டிக்காரனின் தாயும் கேட்கமாட்டாள். முதலாளியிடம் உரிமையைக் கேட்கும் கை, வண்டியைத் தொடும்போது கடமையில் தவறாத கையாக இருக்க வேண்டும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது என்பது பழமொழி. டிராக்டருக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள இணைப்பு முள் அத்தகைய ஆணி. அந்த இடத்தில் கையில் கிடைத்த கம்பியைச் சொருகி ஓட்டுவோர் உண்டு. குழியில் ஒரு குலுக்கல். கம்பி துள்ளி வெளியே விழுந்துவிடும். பெட்டி தன் வழியே போகும். அளவான முள்ளும், அது கழலாமல் காக்கும் கொண்டியும், முள் முறிந்தாலும் பெட்டியை விடாத இரும்புச் சங்கிலியும் வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு மாட்டின் விலைக்கு முன்னே மிகச் சிறிது. பெட்டியைத் தாழ்வான இழுவைக் கம்பியில்தான் பூட்ட வேண்டும். உயரத்தில் பூட்டி மேட்டில் இழுத்தால் டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழும். எழுந்தால் ஓட்டுபவர்மேலேயே கவிழும்.

டிராக்டருக்கு இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. இடச் சக்கரத்திற்கு ஒன்று, வலச் சக்கரத்திற்கு ஒன்று. வயலில் குறுகித் திரும்ப அது உதவும். சாலைக்கு வரும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டும் தாழ்ப்பாள் அங்கேயே இருக்கிறது. பூட்டாமல் வந்து, அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால், வண்டி ஒரு பக்கமாகச் சுழலும். பெட்டி மடங்கி மோதும். நம் ஊர்ப் பெட்டிகள் பலவற்றுக்குத் தனிப் பிரேக் கிடையாது. இழுப்பது ஒன்று, தள்ளுவது மற்றொன்று என்றாகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதை மறவாதீர்கள். இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது தற்கொலைக்கு ஒப்பு. எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பம் மலைப்பாதையில் வண்டி ஓட்டிப் பழகியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் முதல் பாடம் இதுவே. வளைவில் பெட்டி உட்புறமாக வெட்டும். ஓரத்தில் போகிறவரை அது பார்க்காது. ஓட்டுபவர்தான் பார்க்க வேண்டும்.

பெட்டியின் பின்னே சிவப்பு விளக்கு எரிய வேண்டும். ஒளியை எதிரொளிக்கும் பட்டை ஒட்ட வேண்டும். சாணமும் சேறும் அதை மூடாமல் துடைக்க வேண்டும். வண்டி பழுதாகிச் சாலையில் நின்றால் இலைக்கொத்தை ஒடித்து வைத்துவிட்டுப் போவதும், முட்டுக் கொடுத்த கல்லை அங்கேயே விட்டுப் போவதும் அடுத்து வருபவனுக்குக் குழி தோண்டும் வேலை.

மாட்டைப் பற்றியும் ஒரு சொல். மூக்கணாங்கயிற்றில் கட்டி ஏற்றாதீர்கள். வண்டி குலுங்கும்போது மூக்கு அறும். கழுத்துக் கயிற்றில், படுத்தால் இறுக்காத அளவு, சுற்றித் திரும்பினால் சிக்காத அளவு பார்த்துக் கட்டுங்கள். இரும்புத் தகட்டின் மேல் வெறும் வைக்கோல் போட்டால், நனைந்ததும் வழுக்கும். கீழே நார்ப்பாய் விரியுங்கள். நிறைசினை மாட்டை ஏற்றாதீர்கள். கன்றைப் பெரிய மாடுகளின் காலடியில் விடாதீர்கள். உச்சி வெயிலைத் தவிருங்கள். புறப்பட்ட சில கல் தொலைவில் ஒருமுறை நிறுத்தி, கயிறு, முள், சங்கிலி, டயர் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை அது.

எல்லாவற்றிலும் பெரிதான ஒன்று உண்டு. பெட்டியில் ஆள் ஏறக் கூடாது. மாடு பிடிக்க வந்தவர், சந்தைக்குப் போகிற உறவினர், பள்ளி விட்டு வரும் பிள்ளை என்று ஏற்றிக்கொள்கிறோம். நல்லெண்ணந்தான், அந்த நல்லெண்ணம் கொல்லும். 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில் கோவிலுக்குப் போய்த் திரும்பியவர்களை ஏற்றிய டிராக்டர் பெட்டி குளத்தில் கவிழ்ந்தது. இருபத்தைந்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. பெட்டி மாடு ஏற்றியதா, மக்களை ஏற்றியதா என்று குளம் பார்க்கவில்லை. சட்டமும் இரக்கம் காட்டவில்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள். சரக்கு வண்டியில் பயணியாக ஏறிச் சென்றவருக்கு இழப்பீடு தரக் காப்பீட்டு நிறுவனம் கடமைப்பட்டதன்று என்று 2002 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கின் உடையவரோ அவர் சார்பில் வருபவரோ என்றால் வேறு. மற்றவர் செத்தால் குடும்பத்திற்கு வருவது கண்ணீர் மட்டுமே.

இவை தொழிலாளி செய்ய வேண்டியவை. இனி அவருக்குச் செய்யப்பட வேண்டியவற்றைக் கேட்போம்.

சந்தைக்குள் நுழையும் ஒவ்வொரு தலைக்கும் சுங்கம் வாங்கப்படுகிறது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் அந்த வசூலை ஏலம் விடுகின்றன. தலைக்கு இவ்வளவு என்று வாங்கத் தெரிந்தவர்கள், அந்தத் தலை பாதுகாப்பாக ஏறி இறங்க ஒரு மேடை கட்டக் கூடாதா? மேடை இல்லாத சந்தையில் மாட்டை எப்படி ஏற்றுகிறார்கள்? வரப்பின் மேட்டில் வண்டியை நிறுத்தி, வாலை முறுக்கி, நான்கு பேர் தூக்கித் தள்ளி ஏற்றுகிறார்கள். இறக்கும்போது குதிக்க விடுகிறார்கள். கால் முறிவது மாட்டுக்கு மட்டுமா? விலா முறிந்த சுமைக்காரர்கள் இல்லையா? சரிவாக மண் கொட்டிக் கல் பதித்த ஒரு மேடை, ஒரு தண்ணீர்த் தொட்டி, நிழலுக்கு ஒரு கொட்டகை, இரவில் எரியும் விளக்கு: இவற்றை ஏல நிபந்தனையிலேயே எழுதுங்கள். கருங்கல்பாளையம் ஆனாலும், புன்செய் புளியம்பட்டி ஆனாலும், எட்டயபுரத்து ஆட்டுச்சந்தை ஆனாலும், சுங்கம் வாங்கும் இடத்தில் சுமைதாங்கியும் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் கட்டணம் வாங்குவோரும் மாட்டு வண்டிகள் நின்று இளைப்பாற இடம் ஒதுக்க வேண்டும்.

நடைக்கூலி ஒழிந்து நாட்கூலி வர வேண்டும். காத்திருக்கும் நேரத்திற்கும் கூலி வேண்டும். அதிகப் பாரத்திற்கு வழக்கு எழுதும் அதிகாரி, ஏற்றச் சொன்னவர் பெயரையும் எழுத வேண்டும். அதற்குச் சட்டம் இடம் தருகிறது. மனந்தான் இடம் தர வேண்டும்.

"மூன்று மாடுதான் ஏற்றலாம் என்றால் வாடகை எப்படிக் கட்டும்?" என்று உழவர் கேட்பார். நியாயமான கேள்வி. தலைக்கு வாடகை கூடும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தக் கூடுதலை ஒற்றை மாடு விற்க வரும் ஏழை உழவன் தலையில் கட்டுவானேன்? பத்துப் பதினைந்தாக வாங்கிப் போகும் வியாபாரி ஏற்கட்டும். சிறு உழவர்கள் கூடிப் பால் கூட்டுறவுச் சங்கம் நடத்தவில்லையா? பால் ஏற்ற வண்டி வைத்த சங்கம், தடுப்பும் சாய்தளமும் உள்ள ஒரு மாட்டு வண்டியும் வைக்கலாம். ஊருக்கு ஒன்று இல்லாவிட்டாலும் சுற்று வட்டாரத்திற்கு ஒன்று. அரசு அதற்குக் கடன் தரட்டும். அரை இலட்சம் ரூபாய் மாட்டை ஆயிரம் ரூபாய் மிச்சத்திற்காகச் சாகக் கொடுப்பது எந்த ஊர்ச் சிக்கனம்?

தோழர்களே! அடுத்த சந்தை நாளுக்கு முன்னால் உங்கள் ஊரில் எத்தனை பெட்டிகள் உண்டு என்று எண்ணுங்கள். எத்தனைக்குச் சங்கிலி இருக்கிறது, எத்தனைக்குப் பின்விளக்கு எரிகிறது என்று பாருங்கள். இல்லாதவர் வண்டிக்கு உங்கள் கையாலேயே சிவப்புப் பட்டை ஒட்டிக் கொடுங்கள். ஊராட்சி மன்றக் கூட்டத்தில் எழுந்து, மேடை எங்கே, தொட்டி எங்கே என்று கேளுங்கள். கிடைக்கும் வரை கேளுங்கள். மேடைப் பேச்சில் உழவர் துயரைப் பாடுவது எளிது; உழவர் மாடு கால் முறியாமல் இறங்க ஒரு மேடை கட்ட வைப்பது அரிது. அரியதைச் செய்யவே அணி திரண்டோம். உயிர் ஏற்றிய வண்டி உயிரோடு ஊர் சேரட்டும். ஓட்டிச் சென்றவரும் உயிரோடு வீடு சேரட்டும்!